உப்புமா தாத்தாவும் ஜேம்ஸ் பியர்டும் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மா,

டல்லஸில் இருந்து எழுதுகிறேன். மென்பொருள் வேலை. என் மனைவியும் நானும் ரிக் பேலஸின் டிவி நிகழ்ச்சிகளைப் பார்த்துத்தான் மெக்சிகன் சமையல் கற்றுக்கொண்டோம். காய்ந்த மிளகாயை எப்படி வாட்டுவது, மோலே என்ற அவர்கள் ஊர்க் குழம்புக்கு எப்படி அரைப்பது எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். போன வாரம்தான் தெரியவந்தது, 2003இல் அவர் பர்கர் கிங் விளம்பரத்தில் வந்திருக்கிறார்! மனசே விட்டுப்போயிற்று. அதன்பிறகு பிரபல சமையல்காரர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பார்த்தேன். வொல்ஃப்கேங் பக் பெயரில் உறைந்த பீட்சா, எமரில் பெயரில் வாணலி. ஒருத்தர் மிச்சமில்லை. கொஞ்சமும் வெட்கமில்லாமல் முகத்தை விற்கிறார்கள். அமெரிக்கர்களும் அதற்கேற்றவர்கள்தான். சொந்தமாக ருசி கிடையாது, டிவி காட்டுவதைத் தின்கிறார்கள்.

நம்ம ஊர்ச் சமையல்காரர் விஜய் குமார், அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதை வாங்கியபோது பெருமையாக இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது. அப்படி ஒரு தூய்மையான விருதை வாங்கியவர் நாளைக்கு மசாலாப் பொட்டலத்தில் சிரிப்பாரோ?

என் கேள்வி இதுதான். எந்தச் சமையல்காரரை நம்பலாம்? ஆறு வயது மகளுக்கு அமெரிக்கச் சாப்பாட்டை ஒழுங்காகச் சமைத்துப் பழக்க எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

வழக்கமாக வாசகர் கடிதங்களை ஊறப்போட்டுவிட்டுத்தான் பதில் எழுதுவேன். உங்களுடையதற்கு உடனே எழுதக் காரணம், அது வந்த அன்று காலையில் எங்கள் ஊர் உணவு வங்கியில் டப்பா பிரித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் போவது வழக்கம். நன்கொடையாக வரும் டப்பாக்களில் தேதி பார்த்து, நசுங்கியதை ஒதுக்கி, பீன்ஸ் ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம் என்று அடுக்க வேண்டும். அதில் எப்போதும் குவிவது ஷெஃப் பாயார்டி ரவியோலி, சாஸில் ஊறிய இத்தாலியப் பாஸ்தா. வெள்ளைத் தொப்பியும் மீசையுமாகச் சிரிக்கிற ஒரு கிழவர் படம் போட்டது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் ஒரு டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இவர் நிஜ ஆளா, கம்பெனிக்காரர்கள் வரைந்ததா என்று கேட்டாள்.

நிஜ ஆள்தான். எட்டோரே போயார்டி. இத்தாலியின் பியாசென்சாவில் 1897இல் பிறந்தவர். மீசை முளைக்கிற வயதில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டல் சமையலறைக்கு வந்து சேர்ந்து, பிறகு கிளீவ்லாண்டில் சொந்த ஓட்டல் வைத்தார். சாப்பிட வந்தவர்கள் அவருடைய தக்காளி சாஸை வீட்டுக்கும் கேட்டார்கள். பால் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்பினார். 1928இல் அதற்கென்று ஒரு தொழிற்சாலையே வந்துவிட்டது. வாடிக்கையாளர் வாயில் நுழையட்டும் என்று தன் பெயரை மூன்று துண்டாக்கி, கோடு போட்டு அச்சடித்தார். இரண்டாம் உலகப் போரில் அவருடைய பென்சில்வேனியா ஆலை ராணுவத்துக்கு டப்பா சாப்பாடு செய்து அனுப்பியது. போர் முடிந்து 1946இல் கம்பெனியை விற்றார். ஸ்பாகெட்டி என்றால் பூண்டு நாறும் அகதிச் சோறு என்று முகம் சுளித்த வீடுகளில் அது புதன்கிழமை ராத்திரிச் சாப்பாடாக மாறியதில் அந்த மீசைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ரவியோலி நன்றாக இருக்குமா என்று கேட்காதீர்கள். சாஸின் ஆரஞ்சு நிறம் பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்தால் எந்த சோப்புக்கும் போகாது. என் வீட்டில் ஒன்று இருக்கிறது, இப்போது அதில் புளி வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மனசு வேறொரு பெட்டியிடம் போய்விட்டது. அங்கேயிருந்து உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

நான் அமெரிக்காவில் முதலில் வந்து இறங்கியது 1980களில், ஒஹையோவில் ஒரு சின்ன ஊரில் சித்தி வீட்டில். இந்தியக் கடை என்பது கார் எடுத்துக்கொண்டு ஒரு நாள் போய்வரும் விஷயம். பருப்பும் புளியும் அப்படி வரும். ரவைக்கு அத்தனை தூரம் போக மாட்டார்கள். பக்கத்து சூப்பர் மார்க்கெட்டிலேயே கிரீம் ஆஃப் வீட் கிடைத்தது. அமெரிக்கர்கள் காலையில் பாலில் காய்ச்சி, சர்க்கரை போட்டுக் குழந்தைக்கு ஊட்டுகிற கோதுமைக் குருணை. எங்களுக்கு அது உப்புமா. என்னைக் கடைக்கு அனுப்பும்போது சித்தி ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள். "பத்து நிமிஷம்னு போட்டிருக்கற டப்பாவை எடு. ஒரு நிமிஷம்னு போட்டிருக்கறதைத் தொடாதே, கிளறக் கிளறக் கூழாப் போயிடும்." பம்பாய் ரவையைவிட அது நைசு. அதனால் நெய்யில்லாமல் வெறும் வாணலியில் வாசனை வருகிற வரைக்கும் வறுத்து, தாம்பாளத்தில் கொட்டி ஆறவிட்டு, தண்ணீரைக் குறைத்து ஊற்றுவாள். தாளிக்கிற நேரம்தான் ரகளை. மிளகாய் வற்றல் நெடி கூடத்துக்குப் போனதும் புகை அலாரம் அலறும். சித்தப்பா நாற்காலி மேல் ஏறி நின்று செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்தக் காட்சி.

அந்தப் பெட்டியில் ஒரு மனிதர். கறுப்பினத்தவர், வெள்ளைத் தொப்பி, கையில் ஆவி பறக்கும் கிண்ணம், வாய் நிறையச் சிரிப்பு. சித்தி பெண்ணுக்கு அப்போது நான்கு வயது இருக்கும். அவள் அவருக்கு வைத்த பெயர் உப்புமா தாத்தா. தாத்தா முகம் மேசையில் தன் பக்கம் பார்த்து இருந்தால்தான் சாப்பிடுவாள். 2020இல் கம்பெனி அந்தப் படத்தை எடுத்துவிடப்போவதாக அறிவித்தபோது, குழந்தைகள் பெற்றுவிட்ட அந்தப் பெண் எனக்கு அனுப்பிய குறுஞ்செய்தி: "அக்கா, உப்புமா தாத்தாவை எடுக்கப்போறாங்களாம். சரிதான், ஆனா அழுகையா வருது." இரண்டுமே நியாயம்தான் என்று எழுதினேன்.

அந்தத் தாத்தா யார்? வடக்கு டகோட்டாவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊரில் ஒரு மாவு மில். 1893இல் நாடே பணமுடையில் தவித்தபோது, மில்லில் மிஞ்சிய கோதுமைக் குருணையைப் பெட்டியில் போட்டு விற்றுப் பிழைத்தார்கள். பங்குதாரர்களில் ஒருவர் பழைய அச்சகக்காரர். தன்னிடம் கிடந்த பழைய அச்சுக் கட்டை ஒன்றைப் பெட்டியில் பதித்தார். அதில் இருந்தது கையில் வாணலியுடன் ஒரு கறுப்பினச் சமையல்காரர். சில வருடம் கழித்து, நிஜ மனிதர் ஒருவரைப் புகைப்படம் எடுத்துப் போட்டார்கள். கம்பெனி வழியாக வந்த கதைப்படி, சிகாகோவில் ஓர் உணவகத்தில் பரிமாறியவர், 5 டாலர் வாங்கிக்கொண்டு படத்துக்கு நின்றார். பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை. விளம்பரங்களில் அவருக்கு வைத்த பெயர் கறுப்பர்களைக் கேலி செய்யும் மேடைக் கூத்துகளில் புழங்கியது. மிச்சிகனில் லெஸ்லி என்ற சிற்றூரில் 1938இல் இறந்துபோன ஃபிராங்க் வைட் என்ற சமையல்காரர், அந்தப் படத்தில் இருப்பது நான்தான் என்று சொல்லிவந்தார். ஊரும் அதை நம்பியது. அவருடைய புதைகுழிக்குப் பெயர் பொறித்த கல் வந்தது 2007இல்.

நூறு வருடத்துக்கு மேல் அமெரிக்காவின் காலைச் சாப்பாட்டு மேசையில் அந்த முகம் இருந்தது. முகத்தை விற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே க., இவர் தன் முகத்தை விற்றாரா, இவர் முகத்தை வைத்து வேறொருவர் விற்றாரா?

நான்சி கிரீன் என்றொரு அம்மாள். கென்டக்கியில் 1834இல் அடிமையாகப் பிறந்தவர். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் 'ஆன்ட் ஜெமிமா' என்ற வேஷத்தில் நின்று, கதை சொல்லி, பான்கேக் சுட்டுக் கொடுத்தார். கூட்டம் அம்மியது. மாவு தயாரித்த கம்பெனி வளர்ந்தது, கைமாறியது, மேலும் வளர்ந்தது. கம்பெனியில் அவருக்குப் பங்கு இருந்தது, கோடீஸ்வரியாகச் செத்தார் என்றெல்லாம் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பொய். வீட்டு வேலை செய்துகொண்டு சிகாகோவில் வாழ்ந்தார், 1923இல் தெருவில் கார் மோதி இறந்தார். அவருடைய குழிக்கும் பெயர்ப் பலகை கிடையாது. 2020இல்தான் கல் நட்டார்கள். மாவின் மேல் இருந்த பெயர் அவருடையதே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் சொந்தப் பெயரில் விற்க முடிந்தது ஒன்றும் கிடையாது.

அந்தக் காலத்திலேயே பெட்டி க்ராக்கர் என்ற பெண்மணிக்கு ஊர் ஊராகக் கடிதம் வந்து குவிந்தது. கேக் உப்பவில்லை, என்ன செய்ய என்று. அவரும் கையெழுத்துப் போட்டுப் பதில் அனுப்புவார். 1945இல் ஃபார்ச்சூன் பத்திரிகை அவரை அமெரிக்காவின் புகழ்பெற்ற பெண்களில் இரண்டாவது இடத்தில் வைத்தது. முதல் இடம் எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு. இதில் வேடிக்கை, பெட்டி க்ராக்கர் என்று ஒரு மனுஷியே கிடையாது. மினியாபொலிஸில் ஒரு மாவுக் கம்பெனி 1921இல் உண்டாக்கிய பெயர். பதில்களை எழுதியது சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்த பெண்கள். அவர்கள் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

எனவே ஒரு சமையல்காரர் தன் முகத்தை, தன் பெயரோடு, தான் பேசிய விலைக்கு விற்கிறார் என்று கேள்விப்படும்போது எனக்கு உங்களுக்கு வருகிற அருவருப்பு வருவதில்லை. முதலில் கொஞ்சம் நிம்மதிதான் வருகிறது.

அடுத்தது விருது. இங்கேதான் உங்களைக் காதைப் பிடித்துத் திருக வேண்டும் தம்பி. 'ஜேம்ஸ் பியர்ட் விருது போன்ற தூய்மையான விருது' என்று எழுதுவதற்கு முன் ஜேம்ஸ் பியர்ட் யார் என்று ஒரு நிமிடம் பார்த்திருக்கலாம். ஒவ்வொரு சமையல்காரரையும் தேடித் துருவியவர் இவரை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

பியர்ட் 1903இல் ஓரிகான் மாநிலம் போர்ட்லண்டில் பிறந்தவர். அவருடைய அம்மா விடுதி நடத்தியவர், நல்ல கைமணம் உள்ளவர். பையன் பாட வேண்டும், நடிக்க வேண்டும் என்று அலைந்து, அது கைகூடாமல், நியூயார்க்கில் விருந்துகளுக்குச் சிற்றுண்டி செய்து கொடுக்க ஆரம்பித்து, சமையல் புத்தகக்காரராக மாறினார். 1946இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டினார். அப்போது டிவியே குழந்தை. அந்த நிகழ்ச்சிக்குப் பணம் போட்டது போர்டன் பால் கம்பெனி. அதாவது, அந்த ஊரில் கேமரா முன்னால் சமையல்காரர் நின்ற ஆரம்ப நாளிலேயே விளம்பரக் கம்பெனியும் கூட நின்றது. பிறகு டப்பா மக்காச்சோளத்துக்குப் பேசினார், இன்னும் பலதுக்குப் பேசினார். வாழ்நாள் முழுக்க அமெரிக்கர்களிடம் பக்கத்துப் பண்ணையில் விளைந்ததை வாங்கு, புதிதாகச் சமை என்று சொன்ன மனிதர், மக்காச்சோள டப்பாவுக்கு முகம் கொடுத்தார். அந்த முரண்பாடு அவருக்குத் தெரியாமல் இல்லை. தன்னைத்தானே வேசி என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தெரிந்திருந்தது.

ஏன் செய்தார்? பணம் இல்லை. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, பேராசை என்று சொன்னால் பிடிக்கிறது. சமையல் புத்தகத்தில் வருகிற காசு எவ்வளவு என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும். பெரிய உடம்பு, பெரிய வீடு, வருகிறவனுக்கெல்லாம் விருந்து, வாடகை, மருத்துவச் செலவு. மாதச் சம்பளம் தரும் கம்பெனி எதுவும் பின்னால் கிடையாது.

மறுபக்கம், டிவியில் சமையல் சொல்லிக்கொடுத்துப் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட். விளம்பரத்துக்கு ஒருபோதும் முகம் கொடுத்ததில்லை. அடுப்பு, வெண்ணெய், ஒயின், எதற்கும் இல்லை. அவர் இறந்த பிறகும் அவருடைய அறக்கட்டளை அந்தக் கொள்கையைக் காப்பாற்றியது. 2016இல் வீடுகளை வாடகைக்கு ஏற்பாடு செய்யும் ஏர்பிஎன்பி கம்பெனி அவர் பெயரைப் பயன்படுத்தியது என்று வழக்கே போட்டார்கள். எனக்கு ஜூலியா மேல் அளவில்லாத பிரியம். உலகப் போர் சமயத்தில் அமெரிக்க உளவுத்துறையின் கோப்புகளைப் பார்த்துக்கொண்டு கண்டியில் இருந்தவர், கணவர் பால் சைல்டைச் சந்தித்தது அங்கேதான். ஆறடிக்கு மேல் உயரம், கரகரத்துக் கூவும் குரல். 1963இல் பாஸ்டன் பொதுத் தொலைக்காட்சியில் அவர் முழுக் கோழியைத் தட்டிக்கொடுத்துப் பேச ஆரம்பித்த பிறகுதான் டப்பா சூப்பை ஊற்றிச் சமைத்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறை வெங்காயத்தை ஒழுங்காக நறுக்கக் கற்றது.

ஆனால் 'முடியாது' என்று சொல்ல அவரால் முடிந்தது. அப்பா கலிபோர்னியாவில் நிலபுலன் உள்ளவர். அம்மா மாசசூசெட்ஸில் காகித ஆலைக் குடும்பத்துப் பெண். அம்மா விட்டுப்போன சொத்து ஒரு பங்கு அவருக்கு வந்தது. கணவர் அரசாங்க வேலையில் இருந்தவர். பொதுத் தொலைக்காட்சி கொடுத்தது சொற்பம்தான், அந்த நிகழ்ச்சிக்கும் பின்னால் போலராய்டு கம்பெனி பணம் கொடுத்தது, ஆனால் அவர் போலராய்டு கேமராவைக் கையில் தூக்கிக் காட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. சொத்து உள்ளவர் மறுத்தார், சொத்து இல்லாதவர் மறுக்கவில்லை. இதில் ஒருவரைக் கோயிலிலும் இன்னொருவரைச் சந்தையிலும் வைப்பது சுலபம். நம் ஊரில் காலம்காலமாகச் செய்துவருவதுதான். கூலி கேட்ட நாதஸ்வரக்காரரைப் பேராசைக்காரர் என்றும், நிலம் வைத்துக்கொண்டு இலவசமாகப் பாடியவரை ஞானி என்றும் சொன்ன கூட்டம்தானே நாம்.

ஜூலியா அப்படி நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இருவரும் நெருங்கிய நண்பர்கள். 1985இல் பியர்ட் இறந்ததும், நியூயார்க் மேற்கு 12ஆம் தெருவில் இருந்த அவருடைய வீட்டை விற்றுவிடாமல் சமையல்காரர்களுக்கான இடமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற யோசனையைச் சொன்னவர் ஜூலியா. அதிலிருந்து பிறந்த அறக்கட்டளைதான் இந்த விருதைக் கொடுக்கிறது. ஒரு விளம்பரத்துக்கும் முகம் காட்டாதவர், டப்பாச் சோளத்துக்கு முகம் காட்டியவரின் வீட்டைக் காப்பாற்றச் சொன்னார். நீங்கள் என்னடாவென்றால் பேலஸ் முகத்தில் முழிக்க மாட்டேன் என்கிறீர்கள்.

பேலஸ் விவகாரத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன், அதில் நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. 2003இல் பர்கர் கிங் கொண்டுவந்த கோழி சாண்ட்விச்சைப் பரவாயில்லை என்று சொன்னார். துரித உணவுக்காரர்கள் ஓர் அடி எடுத்துவைக்கிறார்கள், தட்டிக்கொடுப்போம் என்பது அவர் வாதம். அசட்டு வாதம்தான். அவரோடு சேர்ந்து சிறு விவசாயிகளுக்காகப் பேசிவந்த சமையல்காரர்களே வறுத்தெடுத்தார்கள். வந்த பணத்தைச் சிறு பண்ணைகளுக்கு உதவும் தன் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். முடிந்தது. அவர் சொல்லிக்கொடுத்த மோலே கெட்டுப்போகவில்லை, அரையுங்கள்.

'அமெரிக்கர்களுக்குச் சொந்தமாக ருசி கிடையாது.' இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் தட்டோடு நிற்கிற ஒவ்வொரு மாமாவும் சொல்வது. ஹுய் ஃபாங் ஸ்ரீராச்சா மிளகாய் சாஸ் பாட்டில் தெரியுமல்லவா, பச்சை மூடி, சேவல் படம்? டேவிட் ட்ரான் வியட்நாமில் இருந்து அகதியாக வந்து, 1980இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஆரம்பித்தது. நாட்டைவிட்டுத் தப்பி வந்த கப்பலின் பெயரைத்தான் கம்பெனிக்கு வைத்தார். விளம்பரத்துக்கு ஒரு காசு செலவழிக்கவில்லை, எந்தப் பிரபலமும் கையில் தூக்கிக் காட்டவில்லை. லாரி ஓட்டுபவரிலிருந்து பேராசிரியர் வரைக்கும் முட்டையின் மேல் ஊற்றிக்கொண்டார்கள். 2022இல் மிளகாய் கிடைக்காமல் உற்பத்தி நின்றபோது ஒரு பாட்டிலுக்கு அலைந்தார்கள். டிவி காட்டாததையும் தின்கிறவர்கள்தான். டிவி இல்லாமலே அளவுக்கு மீறியும் தின்பார்கள்: நியூ ஆர்லியன்ஸில் பால் ப்ரூடோம் மசாலா தடவிக் கருக்கிய ரெட்ஃபிஷ் என்ற மீனைப் பிரபலமாக்கினார், நாடு முழுக்க அதற்குக் கிளம்பிய பசியில் 1980களின் பிற்பாதியில் மெக்சிகோ வளைகுடாவில் அந்த மீனை வியாபாரத்துக்குப் பிடிக்கக் கூடாது என்று தடை போட வேண்டிவந்தது. ருசி இல்லாதவர்கள் செய்கிற காரியமா இது? சரி, நம் கதை என்ன? காலையில் டீ இல்லாவிட்டால் தலைவலி வருகிறது என்கிறோமே, ரயில் நிலையங்களில் கடை போட்டு, ஊர் ஊராக வண்டியில் போய் இலவசமாக ஊற்றிக் கொடுத்துத்தானே தேயிலைக்காரர்கள் நம்மைப் பழக்கினார்கள்?

நான் மன்னிக்காத விளம்பரம் ஒன்று உண்டு. அதை உங்கள் பட்டியலில் காணோம். பாலா டீன். ஜார்ஜியாவின் சவானாவைச் சேர்ந்தவர், வெண்ணெய் என்றால் அவர்தான். பர்கரில் பன்னுக்குப் பதில் சர்க்கரைப் பாகு பூசிய டோனட் வைத்து, நடுவில் பன்றி இறைச்சியும் முட்டையும் வைத்துச் சிரித்துக்கொண்டே கடித்தவர். 2012 ஜனவரியில் டிவியில் வந்து, எனக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்றார். மூன்று வருடம் முன்பே தெரியுமாம். கூடவே இன்னொன்றும் தெரியவந்தது. நோவோ நார்டிஸ்க் கம்பெனியின் விக்டோசா என்ற ஊசி மருந்துக்கு அவர்தான் விளம்பர முகம். மருந்தை விற்றதில் எனக்குக் கோபமில்லை. நோயை ஒளித்துவைத்ததில்கூட முழுக் கோபமில்லை, உடம்பு அவரவர் விஷயம். ஆனால் அந்த மூன்று வருடமும் அதே வெண்ணெயை அதே சிரிப்போடு ஊருக்கு ஊட்டிவிட்டு, மருந்துக் கம்பெனியின் கையெழுத்து ஆனதும் வாய் திறந்தாரே, அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. சித்தப்பாவுக்குக் காலில் புண் ஆறாமல் இருந்த வருடம் அது. சித்தி டிவியை நிறுத்திவிட்டு, "அவளுக்கு ஊசிக்கும் காசு வருது, நமக்கு ஊசிக்கே காசு போறது" என்றாள்.

அந்த விக்டோசாவின் தம்பிதான் ஒசெம்பிக். அதே கம்பெனி, அதே குடும்பத்து மருந்து. பசியையே அடக்குகிறது. மனிதர்கள் பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறார்கள், இனிப்பு வேண்டாம் என்கிறார்கள். 2024இல் நெஸ்லே இந்த ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கென்றே அளவு குறைத்து, புரதம் கூட்டி, உறைந்த சாப்பாட்டு வரிசை ஒன்றைக் கொண்டுவந்தது. அமெரிக்க நாக்கில் இப்போது நடக்கிற மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன். எந்தச் சமையல்காரரும் எந்த டிவியும் செய்ததைவிடப் பெரியது. நீங்கள் 2003இன் கோழி சாண்ட்விச்சுக்காகத் தூக்கம் கெட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். மகளை லைப்ரரிக்குக் கூட்டிக்கொண்டு போய் சமையல் அலமாரி முன்னால் விட்டுவிடுங்கள், படம் பார்த்து அவளே எடுப்பாள். அவள் எடுத்ததைச் சமையுங்கள்.

எழுத உட்கார்ந்ததும் ஞாபகம் வந்த ஒன்று. 2011இல் ஃப்ளாய்ட் கார்டோஸ், மும்பைக்காரர், டிவியில் பெரிய சமையல்காரர்களுக்கான போட்டியின் கடைசிச் சுற்றில் காளான் போட்டு உப்புமா செய்து ஜெயித்தார். பரிசு ஒரு லட்சம் டாலர், தர்மத்துக்குப் போயிற்று. 2020 மார்ச்சில் கொரோனாவில் இறந்துபோனார், பாவம். அவர் ஜெயித்த அன்று சித்திக்கு போன் செய்தேன். "உப்புமாவுக்கா? நான் எத்தனை வருஷமாக் கிண்டறேன், எனக்கு ஒருத்தரும் மெடல் குத்தலையே" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வாரம் பூராவும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விஜய் குமாருக்கு வருகிறேன். நத்தம் பக்கத்துக்காரர். சிறுவயதில் வயலில் பொறுக்கிச் சமைத்த நத்தையை, நியூயார்க்கின் செம்மா உணவகத்தில் நத்தைப் பிரட்டலாகத் தட்டில் வைக்கிறார். செம்மாவிலிருந்து பியர்ட் வாழ்ந்த வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். நாளைக்கு அவர் முகம் ஒரு மசாலாப் பொட்டலத்தில் வந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பெயரும் அவருடையதாக இருந்து, பங்கும் அவருக்கு வந்தால் போதும். நல்ல வக்கீலாக வைத்துக்கொள்ளட்டும். நான் வாங்குவேனா என்றால், பொட்டலத்தைத் திருப்பி உப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான்.

அன்புடன்.